பொன்னுக்கு வீங்கி

ஏப்ரல் 28, வெள்ளி

கடலை மிட்டாயை வலது கடைவாயில் மட்டுமே கடிக்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். எத்தனை நாளாக அப்படி என்று தெரியவில்லை. இடது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல்லில் ஒரு குழி இருக்கிறது. நாக்கு நுனி உள்ளே போய்விட்டு வருகிறது.

இது என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ரெக்கார்டு நோட்டு. ஒரு பக்கம் கோடு போட்டது. எதிர்ப் பக்கம் படம் வரைவதற்கு வெள்ளை. கால்வாசிகூட முடியாமல் பரணில் கிடந்தது. கோட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன். வெள்ளைப் பக்கத்தில் அந்தப் பல்லை வரைந்தேன். கிணறு மாதிரி வந்திருக்கிறது.

மிட்டாய்க் கம்பெனிக்காரர் இன்று ஒரு மூட்டை கடலை போட்டுவிட்டுப் போனார். சொத்தை, சுருங்கினது, கல், மண்ணாங்கட்டி எல்லாம் பொறுக்கிவிட்டு நல்லதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

பச்சைத் தண்ணீர் பட்டால் தாங்க முடியவில்லை. சூடும் ஆகவில்லை. சாதத்தை ஆற வைத்து, வலது பக்கமாக, தலையைச் சாய்த்துச் சாப்பிட்டேன். "கோழி தண்ணி குடிக்க மாதிரி இருக்கு" என்று அண்ணன் சிரித்தான்.

மே 1, திங்கள்

படுத்தால் வலி கூடுகிறது. நெஞ்சில் அடிப்பது பல்லிலும் அடிக்கிறது. எழுந்து நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை. குழாயடியிலிருந்து வளவின் வெளிவாசல் வரைக்கும் முப்பத்திரண்டு எட்டு. ஆறு வீட்டு வாசலையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்தேன். வலியில் எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

மதினி கிராம்பை நசுக்கிக் கொடுத்தாள். வைத்த இடம் எரிந்தது. எரிகிற நேரம் வலி தெரியவில்லை. கிராம்பு ஆறினதும் வலி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

மே 2, செவ்வாய்

வெந்நீரில் உப்புப் போட்டு ஆறு தடவை கொப்பளித்தேன். சில்வர் டம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கொய்யா இலை மென்று பார்த்தேன். துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு கடலை பொறுக்கினேன். சொத்தையையும் நல்லதையும் ஒரே முறத்தில் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பொறுக்க வேண்டியதாயிற்று.

மதினிக்கு ஒன்பதாம் மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கனி, நாளைக்குப் புதன்கிழமை. பெரியாஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வருவாங்க. போய்ட்டு வந்துரு."

"நீங்களும் வாரீங்களா மதினி?"

"இந்த வயித்த வச்சிக்கிட்டு நான் எங்கன வர? அண்ணனுக்கு லோடு இருக்கு. பல்லக் காட்டத்தான போற? பாட்டா பாடச் சொல்லப் போறாங்க?"

கோவில்பட்டியில் தனியார் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். எந்த நாளும் பார்ப்பார்கள். மதினியின் வளைகாப்புச் செலவு முடியட்டும் என்று அண்ணன் சொல்வான். அதனால் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. தமிழ் டீச்சர் நல்லவர். என் முறை வரும்போது என்னைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார்.

மே 3, புதன்

போனேன். கூட்டம். வந்துவிட்டேன்.

மதினி கேட்டாள். "பாத்தாச்சு" என்றேன்.

சாயங்காலம் அரை மூட்டை பொறுக்கினேன்.

மே 4, வியாழன்

"பல்லு எப்படிப் பிள்ள இருக்கு?" என்று அண்ணன் கேட்டான். "சரியாப் போச்சு" என்றேன். "பாத்தியா, இதுக்குப் போய் அழுதுக்கிட்டு" என்று தலையில் தட்டிவிட்டு லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். தட்டினது பல் வரைக்கும் போயிற்று.

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். மதினிக்குத் தெரியாமல் கடலை மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு.

மே 5, வெள்ளி

வளைகாப்பு அடுத்த வெள்ளிக்கிழமை. அண்ணன் வளையல் வாங்கிக்கொண்டு வந்தான். பச்சையும் சிவப்பும். மஞ்சள் பையில் போட்டு, கால் படக்கூடாது என்று சுவர் ஆணியில் மாட்டியிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பை அசைகிறது. உள்ளே வளையல்கள் ஒன்றோடொன்று தட்டுகின்றன.

போன வருஷம் மதினிக்கு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் அவள் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிவிடுவாள். இன்று பையை இறக்கச் சொல்லி, ஒரே ஒரு பச்சை வளையலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, போட்டுப் பார்க்காமல் திரும்ப வைத்தாள்.

"கை நெறையப் போடணும் கனி. நீதான் முதல்ல போடணும் எனக்கு."

"நான் சின்னப் பிள்ள. பெரியவங்க போடட்டும்."

"அந்தக் கூட்டத்துல கத்தாம வளையல் போடக்கூடியவ நீ ஒருத்திதான்" என்று சிரித்தாள்.

வளைகாப்பு முடிந்ததும் அவளுடைய அம்மா, கழுகுமலை அத்தை, பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிறகு இந்த வீட்டில் அண்ணனும் நானும்தான். அண்ணன் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவான்.

தாடைக்குக் கீழே ஒரு கல் மாதிரி இருக்கிறது. அமுக்கினால் வலிக்கிறது.

மே 6, சனி

இடது கன்னம் வீங்கிவிட்டது. காது மடலுக்குக் கீழே வரைக்கும் வந்திருக்கிறது. வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லை.

மதினி பார்த்துவிட்டு "ஆத்தி!" என்று ஆவுடை அத்தையைக் கூப்பிட்டாள். ஆவுடை அத்தை எதிர் வீடு. எங்கள் வளவில் பிள்ளை பிறந்தாலும் சடங்கு வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் எதுவும் நடக்கும். அத்தை என்னைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"காய்ச்சல் இருக்காட்டி?"

தலையாட்டினேன்.

"முழுங்குனா வலிக்கா?"

தலையாட்டினேன்.

"பொன்னுக்கு வீங்கிலா இது! காத ஒட்டி எறங்கியிருக்கு பாரு. பின் தெருவுல ரெண்டு பிள்ளைகளுக்குப் போட்டிருக்கு. இதுவும் ஆத்தா விளையாட்டுத்தான்."

"பல்லு வலின்னு சொல்லிக்கிட்டிருந்தா அத்தை" என்றாள் மதினி.

"அதத்தான் புதன்கிழமையே டாக்டரு பாத்தாச்சுன்னியே வேணி?"

"ஆமா, பாத்தாச்சு. என்ன கனி?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அம்மை போட்ட வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது என்று மதினியை அத்தை தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் வேப்பிலை கட்டினார். தாளிக்கக் கூடாது, மாத்திரை மருந்து தொடக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் நான் வெளியே வரக்கூடாது, இந்த வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகக்கூடாது என்றார். மூட்டையை நகர்த்தினபோது பின்னால் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆத்தா கோவிச்சுக்கிடுவா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலைத் தாண்டும்முன் மதினி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். அது அவளுடைய அம்மா போட்டது. வளைகாப்புக்கு அதைத்தான் போட்டுக்கொள்வதாக இருந்தாள்.

"பொன்னு போட்டாத்தான் வீக்கம் வத்துமாம். போட்டுக்கோ கனி."

வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வளையல் பை ஆணியில் இருக்கிறது. அதுவும் வெளியே போகக்கூடாது.

மே 7, ஞாயிறு

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கன்னத்தில் பூசியிருக்கிறது. காய்ந்தால் தோல் இழுக்கிறது. உள்ளே இடிக்கிறது.

ஆவுடை அத்தை என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'தாயே' என்கிறார். இளநீரைக் கால்மாட்டில் வைத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"என்ன வேணும் தாயே? கேளு. என்ன கேட்டாலும் தாரோம்."

ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வளவில் எல்லோரும் வாசலில் நின்று அதையே கேட்டுவிட்டுப் போனார்கள். எண்ணினேன். இன்று ஏழு தடவை. அம்மா படுத்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அம்மா போன பிறகு திரும்பப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது யாராவது ஒரு தடவை என்ன வேணும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இளநீர் பல்லில் பட்டதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அத்தை அதையும் பார்த்துவிட்டார். "ஆத்தா ஆடுதா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மே 8, திங்கள்

அறைக்குள் எட்டு எட்டுதான் நடக்க முடிகிறது. எட்டு போக, எட்டு வர. உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. தரையில் கன்னத்தை வைத்தால் சிமெண்டு குளிர்ச்சி கொஞ்ச நேரம் வேலை செய்கிறது. தரை சூடானதும் அடுத்த இடத்துக்கு நகர்கிறேன். இப்படியே அறை முழுக்க நகர்ந்துவிட்டேன்.

மிட்டாய்க் கம்பெனிக்காரர் வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு மூட்டையைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மூட்டை மூலையில் இருக்கிறது. பொறுக்கிக்கொண்டிருந்தாலாவது நேரம் போகும் என்று கொஞ்சம் பொறுக்கினேன். யாருக்கு என்று தெரியாமல் பொறுக்கினேன்.

மதினி எதிர் வாசலில் உட்கார்ந்து முற்றத்தைத் தாண்டிச் சத்தமாகப் பேசினாள்.

"கனி, மோர் குடிச்சியா?"

தலையாட்டினேன்.

"எங்கம்மா நாளைக்கு வாராங்க."

தலையாட்டினேன்.

"வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. நீ தண்ணி ஊத்தி முடிக்கதுக்குள்ள ஒன்பதாம் மாசம் முடிஞ்சிருமாம். பெறகு வளைகாப்பு செய்யக் கூடாதாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பரவால்ல. நீ நல்லாகு."

மாரியம்மா, உன் பேரை நான் சொல்லவில்லை. அவர்கள்தான் சொன்னார்கள். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

மே 9, செவ்வாய்

வீக்கம் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. வாயில் ஒரு கெட்ட நாற்றம். எனக்கே அடிக்கிறது.

கழுகுமலை அத்தை மத்தியான பஸ்ஸில் வந்தார். முற்றத்தில் நின்று அண்ணனிடம் பேசியது எல்லாம் கேட்டது.

"முதல் பிள்ளைக்கு வெறுங்கையோட எம்மகளக் கூட்டிட்டுப் போகவா மாப்ள? எங்க தெருவுல என்ன கேப்பாங்கன்னு தெரியுமா? வளைகாப்புக்கு முதல்ல வேப்பிலைக் காப்புதான் போடுவோம். இங்க கையில கட்ட வேண்டிய வேப்பிலைய வாசல்ல கட்டியிருக்கீங்க."

"நான் என்ன அத்தை செய்ய? வந்துருச்சே" என்றான் அண்ணன்.

"போனதுக்கும் ஒண்ணும் செய்யல, இதுக்கும் ஒண்ணும் செய்யலன்னா அது மனசு என்ன பாடுபடும்?"

மதினி பேசினது கேட்கவில்லை. நாளைக் காலை ஒன்பது மணி பஸ்.

புதன்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்த நம்பர் பதினான்கு. பெஞ்சில் உட்கார்ந்தபோது ஏழாவது ஆள் உள்ளே இருந்தார். மிஷின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் பல் வலி நின்றுவிட்டது. சத்தியமாக நின்றுவிட்டது. நாக்கால் குத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. ஆனால் அதற்காக எழுந்து வரவில்லை. என் வகுப்பில் படித்த பெனிட்டா அவளுடைய அம்மாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் எப்போதும் நல்லவள்தான். "ஏ கனி! நீ இப்ப எந்த ஸ்கூல்ல? என்ன குரூப் எடுத்திருக்க?" என்று கேட்டாள். பெஞ்சு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதி வழியில் வலி திரும்பி வந்தது.

சீட்டு இந்த நோட்டில்தான் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தில், கிணறு படத்துக்கு மேலே.

நாளைக்குப் புதன்கிழமை.

மே 10, புதன்

காலை ஏழு மணிக்கு ஆவுடை அத்தை மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்தார். அண்ணன் வாசலில் நின்றான். முற்றத்தில் மதினியும் கழுகுமலை அத்தையும் பைகளோடு நின்றார்கள். மதினியின் இரண்டு கையிலும் பழைய ரப்பர் வளையல் ஒவ்வொன்று கிடந்தது.

ஆவுடை அத்தை என் காலைத் தொட்டார்.

"தாயே, வேணி கெளம்புதா. மனக்கொறை வைக்காம அனுப்பி வை. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு."

"பல் டாக்டர்" என்றேன்.

அத்தை நிமிர்ந்தார். இன்னொரு தடவை சொன்னேன்.

"ஆத்தாளுக்கு எதுக்கு தாயே பல் டாக்டரு?"

முற்றத்திலிருந்து கழுகுமலை அத்தை, "கேட்டாக் குடுக்கணும்லா? எளநி குடுத்தீங்க, மோர் குடுத்தீங்க, இதையுங் குடுங்க" என்றார்.

"அம்மையோட ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாதுக்கா. தெரியாமப் பேசாதீங்க."

"அப்ப எதுக்கு என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டீங்க?"

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நான்கு நாளில் இப்போதுதான் பக்கத்தில் வந்தான். குனிந்து என் முகத்தைப் பார்த்தான்.

"கனி. கேட்டது சாமியா, நீயா?"

சாமி என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ஆவுடை அத்தையும் தடுக்க முடியாது. பல்லைப் பார்த்துவிடுவார்கள். நான் பொய் சொன்னது யாருக்கும் தெரியாது. ஒன்பது மணி பஸ்ஸில் மதினி போய்விடுவாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆணியில் வளையல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

"நான்தான்" என்றேன்.

"அப்ப அம்மை?"

"அம்மை இல்லண்ணே. பல்லு. போன புதன்கிழமை நான் டாக்டரப் பாக்கல. பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சி வந்துட்டேன்."

ஆவுடை அத்தை கையிலிருந்த செம்பைத் தரையில் வைத்தார்.

"ஏட்டி! நாலு நாளா உன் காலத் தொட்டுக் கும்பிட்டேனட்டி!"

மறுபடியும் ஏட்டி. அழுகை வருகிற நேரத்திலும் அது எனக்குக் கேட்டது.

கழுகுமலை அத்தை தாண்டி வந்து, என் தாடையைப் பிடித்து, "தொற" என்றார். செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். வலியில் காலை உதைத்துக்கொண்டேன். எட்டிப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"ஈறு பூராச் சீழு. எங்க ஊருல இத ஆத்தான்னு சொல்லுறதில்ல."

"இவ சொன்னா ஆச்சா?" என்றார் ஆவுடை அத்தை. அவருக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கிப் பாத்தாச்சுன்னவளும் இவதான். பொன்னுக்கு வீங்கி இல்லன்னு டாக்டரு எழுதிக் குடுக்கட்டும். இல்லாட்டி இந்த வளவுல ஒருத்தி வளையல் போட வர மாட்டா. அஞ்சு வீட்டுலயும் பிள்ளைக இருக்கு."

மதினி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் லோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "உள்ள வரவா?" என்றான். வா என்று சொல்லத்தான் நினைத்தேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அவன் முன்னால் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வேண்டாம். நீ வெளிய நில்லுண்ணே."

சீட்டு எழுதுகிற இடத்தில் நீள வரிசை. பழைய சீட்டைக் கொடுத்தேன். அந்த ஆள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன வாரம் போட்டதும்மா இது. புதுசு போடணும். பேரு?" என்றார்.

"ஜெயகனி."

"சத்தமா."

"ஜெயகனி."

"வயசு?"

"பதினாறு."

"படிக்கிறியா?"

பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"கடலை பொறுக்குதேன்."

"எது?"

"மிட்டாய்க் கம்பெனிக்குக் கடலை பொறுக்குதேன்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு சீட்டைக் கொடுத்தார். அவ்வளவுதான். பின்னால் நின்ற அம்மா, "நகரு பாப்பா" என்றார். நம்பர் ஒன்பது.

வலி நிற்குமா என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை. நின்றிருந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒன்பது என்று கூப்பிட்டபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

டாக்டர் ஒரு அக்கா. கண்ணாடி போட்டிருந்தார். என் கன்னத்து மஞ்சளையும் கழுத்துச் சங்கிலியையும் பார்த்தார்.

"பொன்னுக்கு வீங்கின்னு சொன்னாங்களா?"

தலையாட்டினேன். பிறகு, "ஆமா" என்றேன்.

"எத்தனை நாளா பல்லு வலிக்குது?"

"பன்னெண்டு நாளா."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கழுத்துக்குள்ள இறங்கியிருக்கும். மூச்சு விட முடியாம வந்திருப்ப. போன வாரமே வந்திருக்கலாம்ல?"

"வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஊசி போட்டார். ஈற்றைக் கீறினார். வாய் முழுக்கக் கசப்பும் உப்பும். துப்பு என்றார், துப்பினேன். மறுபடியும் துப்பினேன். பன்னிரண்டு நாளாக உள்ளே இடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அழுதேன். வலியால் அல்ல, வலி இல்லாததால்.

"இன்னைக்குப் பல்லை எடுக்க முடியாது. வீக்கம் வத்தட்டும். இந்த மாத்திரைய அஞ்சு நாள் விடாம சாப்பிடு. அடுத்த புதன்கிழமை வந்து எடுத்துக்கலாம்."

அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"என்னம்மா?"

"அம்மை இல்லன்னு எழுதித் தாங்க டாக்டர்."

உதடு மரத்திருந்ததால் சொல் வழுக்கியது. எச்சிலைத் துடைத்துவிட்டு மறுபடியும் சொன்னேன். எதற்கு என்றார். வெள்ளிக்கிழமை எங்க மதினிக்கு வளைகாப்பு என்றேன். வேப்பிலை கட்டினதைச் சொன்னேன். மதினி கல்லில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். ஒரே நாளில் நான் இவ்வளவு பேசினதில்லை.

அவர் சிரித்துக்கொண்டே சீட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். இங்கிலீஷ்.

"தமிழ்ல எழுதுங்க டாக்டர்."

எழுதினதை அடித்துவிட்டு, தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

நாங்கள் திரும்பியபோது மணி பதினொன்று. ஒன்பது மணி பஸ்ஸுக்கு அவர்கள் போகவில்லை. அடுத்த பஸ் ஒரு மணிக்கு. மதினி அதே கல்லில் இருந்தாள். பை காலடியில் இருந்தது. ஆவுடை அத்தை சீட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் கையை நீட்டினான்.

"நீ வேண்டாம் முனீஸு. நாலு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தவ வாசிக்கட்டும்."

வளவே முற்றத்தில் நின்றது. சீட்டை வாங்கினேன். தாண்டிப்போக அடுத்த பிள்ளை யாரும் இல்லை.

"இது பல்லில் சீழ் கட்டியதால் வந்த வீக்கம்..."

மரத்த உதட்டிலிருந்து எச்சில் வழிந்து தாடையில் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். பாவாடையால் துடைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இது பல்லில் சீழ் கட்டியதால் வந்த வீக்கம். அம்மை அல்ல. பிறருக்குத் தொற்றாது. கர்ப்பிணிப் பெண்கள் உடன் இருக்கலாம்."

"கடைசியா சொன்னத இன்னொருக்கா வாசி" என்றார் ஆவுடை அத்தை.

வாசித்தேன்.

அவர் வாசலுக்குப் போய் வேப்பிலைக் கொத்தை அவிழ்த்தார். தூரப் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "காப்புக்கு ஆகும்" என்றார். கழுகுமலை அத்தை பையைத் திரும்ப வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். மதினி மட்டும் கல்லைவிட்டு எழவில்லை. இன்னும் என்னிடம் பேசவில்லை.

சங்கிலியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போனேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து வளையல் பையை இறக்கினேன்.